இதோ வந்துட்டேன், ரெண்டே நிமிஷம்

ஏப்ரல் 26, சனி

இரண்டு வாரமாக எதுவும் எழுதவில்லை. இருபத்தொன்பது வருஷத்தில் இதற்கு முன் நான் டைரி எழுதாமல் விட்டது டெங்கு வந்து கிடந்த ஆறு நாள்தான். பி.டி. மாஸ்டருக்கு எதற்கு டைரி என்று ஸ்டாஃப் ரூமில் கேலி செய்வார்கள். யார் நூறு மீட்டரை எத்தனை விநாடியில் ஓடினான், எந்த ஆட்டம் மழையில் நின்றது, இவ்வளவுதான் இருக்கும்.

பெர்சிஸ் இறந்து இன்றோடு பதினான்கு நாள். இருபத்து மூன்று வயது. எங்களுக்கு ஒரே பெண். கடைசியாகத் தங்கியிருந்த என் தங்கையும் இன்று நாசரேத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள். என் மனைவி ஹெப்சி இரண்டு பேருக்குச் சோறு வைக்கத் தெரியாமல் மூன்று பேருக்கு வைத்தாள்.

அடக்கத்தன்று கறுப்பு புர்க்கா போட்ட ஒரு பெண் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். உள்ளே வாம்மா என்றேன். தலையை ஆட்டினாள், வரவில்லை. யாரென்று இன்றுவரை தெரியவில்லை.

பெர்சிஸ் இறந்த அன்று மாலை ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் வீட்டில் நெட் போய்விட்டது. பெர்சிஸ் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தோழி மெர்சி வீட்டுக்குக் கிளம்பினாள். பைபாஸில் லாரி. அவ்வளவுதான் நடந்தது.

ஹாலில் ரூட்டர் பிளக் லொடலொடவென்று இருந்தது. சுற்றிலும் கறுப்பு டேப் ஒட்டினேன். இனி யாரும் அதைப் பிடுங்க முடியாது.

ஏப்ரல் 28, திங்கள்

தொட்டி நிறைந்து தெருவரைக்கும் தண்ணீர் ஓடியிருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் வந்து சொல்லும்வரை மோட்டார் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

சாயங்காலம் ஹெப்சி சர்ச்சுக்குப் போன நேரம் பெர்சிஸ் அறைக்குள் போனேன். அவளுடைய கம்ப்யூட்டர் அன்றிலிருந்து அணைக்கப்படவே இல்லை. உர்ரென்று ஒரு சத்தம் ஓயாமல் கேட்கிறது என்று ஹெப்சி சொல்லிக்கொண்டிருந்தாள். அணைக்கத்தான் போனேன். மவுஸைத் தொட்டதும் திரை வெளிச்சமாகி, மீண்டும் உள்ளே போகவா என்று ஒரு பொத்தான் வந்தது. அழுத்தினேன்.

'ஒன்பது கோட்டை' என்று அவள் மூன்று வருஷமாக ஆடிக்கொண்டிருந்த விளையாட்டு. புதனும் சனியும் மாலை ஆறரைக்குப் பெரிய சண்டை நடக்கும். ஒரு பக்கம் நூறு பேர், மறுபக்கம் நூறு பேர். எல்லாம் நிஜ ஆட்கள், அவரவர் வீட்டு நாற்காலியில். உட்கார்ந்தபடி ஆடுவதற்குப் பெயர் விளையாட்டா என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்!

கோட்டை முற்றத்தில் ஒரு பெண் நின்றாள். நீல அங்கி, முதுகில் கொடிக்கம்பு. தலைக்கு மேல் பச்சை எழுத்தில் 'பனங்காடை'. பெர்சிஸ் தனக்கு வைத்துக்கொண்ட பெயர். மூச்சு விடுகிறாள், தோள் ஏறி இறங்குகிறது. நான் எதையும் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளாகவே கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பிறகு குந்தி உட்கார்ந்து குச்சியால் தரையில் என்னமோ கிறுக்க ஆரம்பித்தாள்.

முற்றத்தில் நடந்துகொண்டிருந்த ஏழெட்டுப் பேர் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை. நஸ்ரின் என்று ஒரு பெயர் கீழே மின்னியது. அதிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது. "யாரு?"

உடனே அதற்குக் கீழே பதில் போயிற்று.

"இதோ வந்துட்டேன், ரெண்டே நிமிஷம்."

நான் எதையும் தட்டவில்லை. என் இரண்டு கையும் மடியில் இருந்தன.

முற்றத்தில் நின்றவர்களில் இரண்டு பேர் சட்டென்று மறைந்து போனார்கள். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். ரெண்டே நிமிஷம் என்பது பெர்சிஸ் பேச்சு. சாப்பிடக் கூப்பிட்டாலும் ஜெபத்துக்குக் கூப்பிட்டாலும் அதைத்தான் சொல்வாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. அந்த அறையைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 30, புதன்

எங்கள் பள்ளிக் கம்ப்யூட்டர் ஆசிரியருக்குப் போன் போட்டு, யாருக்கோ நடந்தது மாதிரிக் கேட்டேன். "மூணு நிமிஷம் கை வைக்கலன்னா, நெட்டே போயிருந்தாலும், அதுவாப் பதில் போட்டுக்கும் சார். அவங்களே முன்கூட்டி எழுதி வெச்சிருப்பாங்க" என்றார். இதற்குப் போய் ஐம்பத்தெட்டு வயதில் வேர்த்து விறுவிறுத்து ஓடினோமே என்று வெட்கமாக இருந்தது.

அந்த விளையாட்டுக்காரர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுவது முறை என்று பட்டது. ஆறு மணிக்கு உட்கார்ந்தேன். 'நான் பெர்சிஸின் அப்பா. பெர்சிஸ் 12ஆம் தேதி இறந்துவிட்டாள்.' ஒற்றை விரலால் இதை அடித்து முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. அனுப்பப் போகும்போது கொம்பு ஊதியது. ஹெட்போனை மாட்டினேன்.

ஒரு பெண் குரல். இந்த நஸ்ரின்தான் அவர்களுக்கு லீடர் போலிருக்கிறது. நூறு பேரை மேய்க்கிற குரல் என்று கேட்டதுமே தெரிந்தது, கத்தல் இல்லை, அவசரம் இல்லை. "எல்லாரும் லைனுக்கு வாங்க. வடக்கு வாசல். கொடி..." அங்கே நின்றுபோனது. நான்கு விநாடி எண்ணினேன். "கொடி வந்திருக்கு. ஏட்டி காடை, என் பின்னால வந்து நில்லு."

அடித்ததை அழித்துவிட்டேன். உலகத்தில் ஒரு இடத்தில் அவளை இன்னும் வா என்று கூப்பிடுகிறார்கள். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

பெர்சிஸின் வேலை கொடி பிடிப்பது. சண்டையில் செத்தவர்கள் கொடி நிற்கிற இடத்தில்தான் உடனே எழ முடியும். கொடி விழுந்தால் எல்லோரும் பின்னால் பாசறையில் எழுந்து நாலு நிமிஷம் ஓடிவர வேண்டும். அதனால் எதிரி முதலில் தேடுவது கொடிக்காரியைத்தான். எனக்கோ தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. தீ, புகை, கால்கள். யார் அடித்தார் என்று தெரியாமலேயே விழுந்தேன். விழுந்தால் இரண்டு பொத்தான் வருகிறது. ஒன்று 'எழு'. இன்னொன்று 'விடைபெறு'. இரண்டாவதை அழுத்தினால் அந்த உருவமே ஒரேயடியாகப் போய்விடும், பெயர் மட்டும் கோட்டைச் சுவரில் இருக்கும். கை தவறிவிடக் கூடாது என்று மவுஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

இன்று அவள் முப்பத்தொரு தடவை செத்தாள். முப்பத்தொரு தடவையும் 'எழு'வை அழுத்தினேன். முப்பத்தொரு தடவையும் எழுந்தாள்.

மே 3, சனி

பன்னிரண்டு தடவை. தேறிவிட்டேன்.

ஒரு விளையாட்டு ஆசிரியனாக இதை மதிப்பிட்டு எழுதிவைக்கலாம் என்று நினைக்கிறேன். கபடியில் ஏழு பேர். உன்னைத் தொட்டது யார் என்று உனக்குத் தெரியும், பிடித்தவனின் வேர்வை உன் மேல் இருக்கும். இங்கே இருநூறு பேர் மோதுகிறோம், யார் கையால் செத்தோம் என்பதுகூடத் தெரியாது. திறமைக்கு வேலையே இல்லை. நூறு பேர் ஒரு வாசலில் முட்டினால் படமே திக்கித் திணறுகிறது. அடித்துப் பிடித்து ஒரு கோட்டையை வாங்கினால் புதன்கிழமை அவன் திரும்ப வாங்கிக்கொள்கிறான். பரிசு என்று கொடுப்பது ஏதோ வீரப் புள்ளி. அதை வைத்து அங்கியின் நிறத்தை மாற்றலாமாம். இதற்கா இந்தப் பாடு?

ஆனால் ஒன்று. கபடியில் எதிராளி ஒருவரைத் தொட்டுத் திரும்பினால், வெளியே உட்கார்ந்திருக்கும் நம் ஆள் ஒருவர் உயிர் பெற்று உள்ளே வரலாம். எத்தனை ஆட்டங்களுக்கு விசில் ஊதியிருக்கிறேன், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை.

மே 5, திங்கள்

ஹெப்சி பெர்சிஸின் சுடிதார்களை எல்லாம் எடுத்து மறுபடி துவைத்தாள். துவைத்து வைத்திருந்தவைதான். கொடியில் காயப்போட உதவினேன்.

"அந்த ரூமுக்குள்ள போய் என்னங்க பண்ணுதீங்க?" என்றாள்.

"கம்ப்யூட்டர் பழகுதேன்."

"அதுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

விளையாட்டில் திறக்காத மெசேஜ் ஒன்று இருந்தது. நஸ்ரின் அனுப்பியது. ஏப்ரல் 12, மாலை 6.58. "கொடியப் போட்டுட்டு ஓடிட்டேல்ல? உன்னால நூறு பேரும் எந்திரிக்க முடியாமக் கிடக்கோம். இனிமே என் லைன்ல உனக்கு இடமில்ல." கீழே அந்தப் பதில், அதே 6.58க்கு. "இதோ வந்துட்டேன், ரெண்டே நிமிஷம்."

6.58க்கு பெர்சிஸ் எங்கே கிடந்தாள் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

மே 7, புதன்

நான்கு.

மே 10, சனி

ஒன்றுகூட இல்லை. தொண்ணூறு நிமிஷம் சண்டை, அவள் மேல் ஒரு கீறல் விழவில்லை. நான் எங்கே நகர்ந்தாலும் முன்னால் பத்துப் பேர், பின்னால் பத்துப் பேர், பக்கவாட்டில் கேடயம். அடி விழும்போதெல்லாம் எவனாவது குறுக்கே வந்து விழுகிறான். நான் நன்றாக ஆடுகிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. இவர்கள் எல்லோரும் சண்டை நடுவில் மைக்கில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பெர்சிஸும் வாய் ஓயாமல் பேசுவாள், ஹால்வரை கேட்கும். ஏன் பேச மாட்டேன் என்கிறாய் என்று இதுவரை ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை. சண்டை முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து எதிரே நின்று தலை குனிந்துவிட்டுப் போகிறார்கள். இந்த விளையாட்டின் வழக்கம் போலிருக்கிறது.

வெளியே வந்தபோது மனசு நிறையவில்லை. சாப்பிட உட்கார்ந்தும் விரல் மவுஸைத் தேடியது. எதையோ செய்ய வேண்டும், செய்யவில்லை என்று இருந்தது.

மே 14, புதன்

உள்ளதை எழுதுகிறேன். இன்று வேண்டுமென்றே வரிசையை விட்டு வெளியே ஓடினேன்.

கேடயங்களுக்கு நடுவில் ஒரு இடைவெளி தெரிந்தது. புகுந்து வெளியே போய் எதிரிக் கூட்டத்துக்குள் நேராக நடந்தேன். நஸ்ரின் ஹெட்போனில் "காடை நில்லு! நில்லு! போகாத!" என்று அலறினாள். இவ்வளவு நாளில் அவள் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. நான் நிற்கவில்லை. விழுந்தாள். பொத்தான் வந்தது. எழு. எழுந்தாள். மறுபடி நடந்தேன்.

மொத்தம் பத்தொன்பது தடவை. அழுத்தியதும் முழங்கையை ஊன்றி, தலையை உதறி, எழுந்து நிற்கிறாள் பாருங்கள், அந்த ஒரு விநாடிக்கு எனக்கு எல்லாமே சரியாகிவிடுகிறது. இதில் என்ன கிடைக்கிறது என்று கேட்டேனே, இதுதான் எனக்குக் கிடைக்கிறது.

மே 17, சனி

இன்று ஹெப்சி பார்த்துவிட்டாள்.

இருட்டத் தொடங்கும் நேரம். விளக்குப் போட அறைக்குள் வந்தவள் போடாமல் எனக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். எவ்வளவு நேரமோ தெரியாது. ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ நான் எழுப்பி மறுபடி எதிரியை நோக்கித் திருப்பியபோது, தோளுக்கு மேல் அவள் மூச்சு கேட்டது.

"அது பெர்சிஸா?" என்றாள்.

"அவ ஆடுனது. இங்க பாரு ஹெப்சி, விழுந்தா நான் எழுப்பிருதேன். எத்தனை தடவை விழுந்தாலும் எழுப்பிருதேன்."

"நீங்கதானங்க கொண்டு போய் விழவைக்கீங்க?"

பனங்காடையைத் திருப்பி வரிசைக்குள் நிறுத்தினேன்.

"கொன்னாத்தான எழுப்ப முடியும். இன்னும் எத்தனை தடவைங்க அவளைக் கொல்லுவீங்க?"

இன்னும் என்றாள். அந்த 'இன்னும்' எதிலிருந்து தொடங்குகிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

மே 18, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. 26ஆம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டும்.

ஏப்ரல் 12 அன்று நெட் போகவில்லை. நான்தான் பிடுங்கினேன்.

ஏழு மணிக்கு ஹெட்மாஸ்டர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. நானும் ஹெப்சியும் உடுத்தி நிற்கிறோம். கூப்பிட்டேன். "இதோ வந்துட்டேன்ப்பா, ரெண்டே நிமிஷம்." ஐந்து நிமிஷம் கழித்துக் கூப்பிட்டேன். அதே பதில். மூன்றாவது தடவை, "அப்பா, நூறு பேர் என் கொடிய நம்பி நிக்காங்கப்பா" என்றாள். உன் ரெண்டு நிமிஷத்தை ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்திருக்கிறேன், இருபது நிமிஷம் ஓடும் என்று சொல்லிக்கொண்டே ரூட்டர் பிளக்கைப் பிடுங்கி, அந்தச் சின்ன அடாப்டரையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவள் கத்தவில்லை. அறையிலிருந்து வந்து என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். "மெர்சி வீட்டுல போய் முடிச்சிட்டு வாரேன், நீங்க போங்க" என்று சாவியை எடுத்தாள். போனைப் பார்த்துக்கொண்டே செருப்பு மாட்டினாள். சுவர்க் கடிகாரம் 6.42.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் அடையாள அட்டை கேட்டார். பைக்குள் கை விட்டு எடுத்து நீட்டினேன். அடாப்டர்.

மே 21, புதன்

ஆறரை மணிக்கு மொட்டை மாடிக்குப் போய் வெண்டைச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். தொட்டியே நிறைந்து வழிகிற அளவு ஊற்றினேன். கீழே இறங்கவில்லை.

மே 22, வியாழன்

பதினோரு மணிக்குக் கேட்டில் சத்தம். கறுப்பு புர்க்கா போட்ட அந்தப் பெண்.

"அங்கிள், நான் நஸ்ரின். மேலப்பாளையத்துல இருந்து வாரேன்" என்றாள். அந்தக் குரலுக்கு ஆளை நான் ஆறடி உயரமாக நினைத்து வைத்திருந்தேன். சின்னப் பெண், ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாளாம். ஹெப்சி உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தாள். தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து நீங்க வரல. உங்களுக்கு ஏதாவதுன்னு பயந்துட்டோம்" என்றாள்.

"நான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நீங்க லைனுக்கு வந்த முதல் நாளே தெரியும் அங்கிள். அடக்கத்துக்கு நான் வந்திருந்தேன்ல. மெர்சிதான் சொன்னா. எங்க குழுவுல நூறு பேருக்கும் அவ இல்லன்னு அன்னைக்கே தெரியும்."

அவள் தரையைப் பார்த்தே பேசினாள்.

"அந்தத் திங்கக்கிழமை அவ பேரு பச்சையா எரிஞ்சப்ப ரெண்டு பேர் கம்ப்யூட்டரையே அணைச்சிட்டாங்க. யாருன்னு கேட்டேன். ரெண்டே நிமிஷம்னு பதில் வருது. மண்ணுக்குள்ள வெச்சிட்டு வந்தவ பேசுதா. புதன்கிழமை வந்து லைன்ல நின்னீங்க பாருங்க, அப்பத்தான் உயிரே வந்துச்சு. காடை குதிச்சுக் குதிச்சுத்தான் நடப்பா. இது நேரா, மார்ச் பாஸ்ட் மாதிரி நடந்து வந்து அட்டென்ஷன்ல நிக்குது. எங்கப்பா பி.டி. மாஸ்டர்னு அவ எப்பவும் சொல்லுவா."

இத்தனை நாள் அந்தக் கோட்டையில் நடமாடிய பேய் நான்தான். அவர்கள் என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள். பயந்துகொண்டே என்னைச் சுற்றி நின்று அடி வாங்கியிருக்கிறார்கள்.

"ஏம்மா சொல்லல?" என்றேன்.

"நீங்க சொல்லட்டும்னு இருந்தோம். அவளை இன்னொரு தடவை விழவிடக் கூடாதுன்னு முடிவு பண்ணினோம். பெறகு நீங்களா வெளிய ஓட ஆரம்பிச்சீங்க. அதைப் பாக்க முடியல அங்கிள். அதான் வந்தேன்."

நான் மனசில் கிடந்ததைக் கேட்டேன். "எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. இதுல உங்களுக்கு என்னம்மா கிடைக்குது?"

"ஒண்ணும் கிடைக்காது அங்கிள். பிடிச்ச கோட்டையும் நிக்காது. ஆனா அவ்வளவு பெரிய சண்டையில யாரும் தனியா ஜெயிக்க முடியாது, தனியாத் தோக்கவும் முடியாது. லேப்ல நான் தனியாத்தான் இருக்கேன். இங்க நான் திரும்புனா நூறு பேரும் என்கூடத் திரும்புவாங்க."

குடியரசு தினத்துக்கு இருபத்தொன்பது வருஷமாக அணிவகுப்புப் பழக்குகிறேன். இருநூறு கால் ஒரே நேரத்தில் விழும்போது எனக்கு என்ன கிடைத்தது என்று யாரும் கேட்டதில்லை. பெர்சிஸ் கேட்டிருக்கலாம். நான் கேட்ட மாதிரி அவள் என்னைக் கேட்கவில்லை.

பிறகு நஸ்ரின் அழ ஆரம்பித்தாள். 6.58க்கு அனுப்பிய மெசேஜைச் சொன்னாள். "அதை அனுப்பினதாலதான் அடக்கத்தன்னைக்கு உள்ள வரல. எந்த முகத்த வெச்சிக்கிட்டு வர?" ஹெப்சி அவள் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் பிளக்கைப் பிடுங்கியதைச் சொன்னேன். வெளியாளிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

"அந்த பதில் இருக்குல்ல அங்கிள், அது முன்னாடி கிடையாது. 'காடை மேயப் போயிருக்கு'ன்னுதான் வெச்சிருந்தா. அன்னைக்கு 6.41க்குப் போன்ல இருந்து மாத்தியிருக்கா. யார் கூப்பிட்டாலும் தெரியட்டும்னு, எங்க எல்லாருக்கும் சேத்து."

ஹெப்சி மெதுவாகக் கேட்டாள். "அப்போ அதுதான் அவ கடைசியாச் சொன்னதா?"

போகும்போது நஸ்ரின் ஒரு வழக்கத்தைச் சொன்னாள். குழுவில் யாராவது நிஜமாகவே இறந்துபோனால் அவர்களுடைய உருவத்தைக் களத்தில் கிடத்துவார்கள். எதிரிக்கும் சொல்லி அனுப்புவார்கள், அவனும் அன்று சண்டை போட மாட்டான். எதிரி லீடர் ஒரே ஒரு வெட்டு வெட்டுவான். வீட்டு ஆள் 'விடைபெறு'வை அழுத்த வேண்டும். "எப்ப வேணும்னாலும் செய்யலாம் அங்கிள். செய்யாமலும் இருக்கலாம்." அழுத்தினால் அந்த உருவம் போகும். அந்தப் பதிலும் அதோடு போகும்.

மே 24, சனி

சண்டைக்குப் போகவில்லை. ஹெப்சி திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, நஸ்ரினிடம் சொல்லி ஒரு தடவை கூப்பிடச் சொல்லுங்கள் என்றாள். போன் போட்டுச் சொன்னேன். "காடை" என்று வந்தது. "இதோ வந்துட்டேன், ரெண்டே நிமிஷம்."

இன்னொரு தடவை என்றாள்.

மே 27, செவ்வாய்

நாலு நாளாக இதுதான். அரிசி ஊறப்போட்டுவிட்டு வருகிறாள், உட்காருகிறாள், இன்னொரு தடவை என்கிறாள். நஸ்ரினும் வேலைக்கு நடுவில் சலிக்காமல் அனுப்புகிறாள். பனங்காடை தரையில் கிறுக்கிக்கொண்டே இருக்கிறாள்.

இன்று மத்தியானம் ஹெப்சி தானாகவே எழுந்துவிட்டாள்.

"போதுங்க. கூப்பிடக் கூப்பிட வாரேன் வாரேன்னு சொல்லுதா, வர முடியல. அவளுக்கும் கஷ்டமாத்தான இருக்கும்?"

மே 31, சனி

ஆறரை மணிக்கு ஹெப்சி ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். வடக்கு வாசலுக்கு வெளியே பொட்டல். இந்தப் பக்கம் நூறு பேர், அந்தப் பக்கம் நூறு பேர். ஒரு வாள் உருவப்படவில்லை. இருநூறு பேர் இருந்தும் காற்றின் சத்தம் மட்டும் கேட்டது.

முதலில் கொடியை நஸ்ரினிடம் கொடுத்தேன். பிறகு அவளை நடுக்களத்துக்கு நடத்திப் போனேன். குதித்துக் குதித்து நடக்க எது பொத்தான் என்று நஸ்ரினிடம் நேற்றே கேட்டுவைத்திருந்தேன். குதித்துக் குதித்துத்தான் போனாள். ஹெப்சி சிரித்துவிட்டாள். எதிரி லீடர் எந்த நாட்டுக்காரனோ, தலை குனிந்து வணங்கிவிட்டு ஒரே வெட்டு வெட்டினான்.

விழுந்தாள். இரண்டு பொத்தானும் வந்தன. நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

போய் வா காடை என்று ஒருவர் எழுதினார். அடுத்தவர் எழுதினார். தமிழில், ஆங்கிலத்தில், தெரியாத பாஷைகளில், எதிரிகளும் எழுதினார்கள். நான் கை வைக்காமல் மூன்று நிமிஷம் ஆகிவிட்டது போலிருக்கிறது. பதில் போக ஆரம்பித்தது. இதோ வந்துட்டேன், ரெண்டே நிமிஷம். இதோ வந்துட்டேன், ரெண்டே நிமிஷம். இருநூறு பேருக்கும் தனித்தனியாக, ஒவ்வொரு வழியனுப்புதலுக்கும் கீழே. திரை நிறைந்து மேலே ஓடிக்கொண்டே இருந்தது. விழுந்து கிடந்தவள் அசையவில்லை.

என் மேஜையிலிருந்து ஸ்டாப்வாட்சை எடுத்துவந்து அழுத்தினேன். வாழ்நாளெல்லாம் அவள் கேட்டது இரண்டு நிமிஷம். ஒரு தடவையாவது கொடுக்கலாம் என்று தோன்றியது.

ஒரு நிமிஷம் நாற்பது விநாடியில் தெருவில் ஸ்கூட்டி சத்தம் கேட்டது. ஹெப்சி வாசலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சத்தம் எங்கள் கேட் பக்கம் வந்து மெதுவாகி, கடந்து போயிற்று.

இரண்டு நிமிஷம் ஆயிற்று. இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு பையனுக்கும் ஒரு விநாடி கூடுதலாகக் கொடுத்தவன் இல்லை நான். இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றேன். ஹெப்சி சரி என்றாள்.

இருபது நிமிஷம் ஆனதும் 'விடைபெறு'வை அழுத்தினேன். நிச்சயமாகவா என்று கேட்டது. ஹெப்சி என் கைமேல் கை வைத்தாள். மறுபடி அழுத்தினேன்.

நீல அங்கி மண்ணோடு மண்ணாக மங்கிப் போயிற்று. பின்னால் வந்த ஒருவர், போய் வா என்று அப்போதுதான் எழுதினார். அதற்குப் பதில் வரவில்லை.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. மைதானம் முழுக்க நெருஞ்சி. கோடு போடச் சுண்ணாம்பு வேண்டும்.

நூறு மீட்டர் பார்க்கலாம் என்று பையிலிருந்து ஸ்டாப்வாட்சை எடுத்தேன். சனிக்கிழமை நிறுத்த மறந்திருக்கிறேன். இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஹெப்சியிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தாள், முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள், ரூட்டர் பக்கத்தில் வைத்தாள். நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. நானும் நிறுத்தவில்லை.